முகவரி மாறிய எழுத்துக்கள்



பழைய புகைப்படங்களைப் பேணும் முறை பற்றிச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த அம்மையார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சால்ட் லேக்கில் நெடுங்காலமாக வாழ்ந்து வருபவர் அவர். "புகைப்படங்கள் இருக்கட்டும், ஐயா. என் வீட்டுக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் படிக்க ஏதாவது வழி உண்டா, சொல்லுங்கள்" என்றார். அவர் குரலில் இருந்த கலக்கத்தைக் கேட்டபின் வாளாவிருக்க இயலவில்லை. அன்று மாலையே அவர் இல்லத்துக்குச் சென்றேன்.

அம்மையாரின் கணவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே கல்கத்தாவுக்கு வந்து, அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2001ஆம் ஆண்டில், மகன் வாங்கித் தந்த கணினியில் தாமே தமிழ்த் தட்டச்சுப் பழகி, தம் குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்கினார். ஊர்க் குளம், கோவில் திருவிழா, பாட்டனார் பர்மாவுக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்பிய கதை, தாம் ஒரு தகரப் பெட்டியுடன் ஹவுரா நிலையத்தில் வந்து இறங்கிய நாள் ஆகிய அனைத்தும் எண்பது பக்கங்களில் அடங்கின. அச்சிட்டு வைத்திருந்த ஒரே பிரதி, ஒரு பெருமழையின்போது வீட்டுக்குள் புகுந்த நீரில் நனைந்து அழிந்தது. கோப்பு மட்டும் குறுந்தகட்டில் இருந்தது. அவர் மறைந்து ஆறாண்டுகள் ஆகின்றன. பெங்களூரில் பணியாற்றும் பெயரன் விடுமுறைக்கு வந்தபோது, அதனைத் தன் புதுக் கணினியில் திறந்து பார்த்தான். "பாட்டி, இதில் தமிழே இல்லையே!" என்றானாம்.

நானும் திறந்து பார்த்தேன். எண்பது பக்கமும் ஆங்கில எழுத்துக்கள். அவற்றிடையே அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள், சதவீதக் குறிகள். பூனை விசைப்பலகையின்மேல் நடந்து சென்றது போன்ற காட்சி. "அவர் எழுதியது போய்விட்டதா?" என்று அம்மையார் கேட்டார். "போகவில்லை, அம்மா. ஓர் எழுத்தும் குறையாமல் இருக்கின்றது. முகவரிதான் மாறியிருக்கின்றது" என்றேன்.

இவ்விடையின் பொருளை நம் வாசகர்கள் எளிதில் உணர்வர். நம்மிற் பலர் வாழும் சால்ட் லேக்கையே சான்றாகக் கொள்வோம். உவர்ச் சதுப்பை ஹூக்ளி ஆற்று வண்டலால் தூர்த்து எழுப்பிய இவ்வூரில், வீட்டைத் தேடுவோர் தெருப்பெயரைக் கேட்பதில்லை. 'எஃப்-டி பிளாக், இன்ன எண்' என்றால் வீடு கிடைத்துவிடும். கணினியும் இவ்வாறே நடக்கின்றது. அது நாம் தட்டச்சு செய்யும் எழுத்தின் உருவத்தைச் சேமிப்பதில்லை. எழுத்தின் வீட்டு எண்ணைத்தான் சேமிக்கின்றது. அந்த எண்ணுள்ள வீட்டில் யார் குடியிருக்கின்றார் என்பதைக் கூறும் பதிவேடே எழுத்துரு. இரண்டும் பொருந்தியிருக்கும்வரை 'அம்மா' என்பது அம்மாவாகவே தோன்றும். பதிவேடு மாறிப்போனால், அதே எண்ணில் வேறொருவர் வந்து கதவைத் திறப்பார்.

அக்காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் மொத்தம் 256 வீடுகளே உண்டு. அவற்றுள் முற்பாதியாகிய 128 வீடுகளில் ஆங்கில எழுத்துக்களும் எண்களும் குறிகளும் முன்னரே குடியேறிவிட்டன. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்கள், வடவெழுத்துக்கள் தனி. ஆகவே எழுத்துரு ஆக்கியோர் எழுத்துக்களை உறுப்புக்களாகப் பகுத்து, கொம்பு ஒரு வீட்டில், கால் ஒரு வீட்டில் என்று குடியேற்றினர். சிலர் பிற்பாதி வீடுகளில் குடியேற்றினர். வேறு சிலர் ஆங்கிலக் குடிகளை அகற்றிவிட்டு, அவர்கள் வீடுகளிலேயே தமிழைக் குடியேற்றினர். ஒவ்வொருவர் பதிவேடும் ஒவ்வொரு விதம். ஓர் எழுத்துருவில் 'க' இருந்த வீட்டில், மற்றொன்றில் 'ழ' இருக்கும். ஆங்கில எழுத்துருவிலோ ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அம்மையாரின் கணவர் கையாண்டது ஆங்கில வீடுகளில் குடியேறிய வகை. அவ்வெழுத்துரு பெயரனின் கணினியில் இல்லை. எனவே அவனுடைய சொற்செயலி தன்னிடமுள்ள ஆங்கிலப் பதிவேட்டை எடுத்துப் படித்தது, அவ்வளவே.

இக்குழப்பத்தைத் தீர்க்க அறிஞர் பலர் முயன்றுள்ளனர். பல நாட்டுத் தமிழர் இணையத்தின் வழியே கலந்துரையாடி, 'டிஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை 1990களின் இறுதியில் வகுத்தனர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி, 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாட்டரசு ஏற்றது. எனினும் பொதுக் குறியீடே இரண்டு மூன்றாக நின்றது. பழைய தனிக் குறியீடுகளும் வழக்கொழியவில்லை.

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பதிவேடு என்னும் கொள்கையுடன் எழுந்தது யூனிக்கோடு; தமிழில் 'ஒருங்குறி' என்கின்றோம். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அமைந்தது. 1988ஆம் ஆண்டின் 'இஸ்கி' என்னும் இந்தியக் குறியீட்டைத் தழுவி அது வகுக்கப்பட்டது. தமிழுக்கென ஒதுக்கிய 128 வீடுகளில் வேறு எந்த மொழியும் குடியேற இயலாது. ஆயினும் பொதுமக்கள் கணினிகளில் இது உடனே வழக்குக்கு வரவில்லை. விண்டோஸ் 2000 பதிப்பில்தான் 'லதா' என்னும் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு அம்முறைமையுடன் சேர்ந்து வந்தது. 2010ஆம் ஆண்டில், கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில், ஒருங்குறியையும் 'டேஸ் 16' என்னும் குறியீட்டையும் தமிழ்நாட்டரசு தரமாக அறிவித்தது. ஆகவே 1990களிலும் 2000களிலும் நம் இல்லங்களில் தட்டச்சான கடிதங்கள், திருமண அழைப்பிதழ்கள், சமையற் குறிப்புக்கள், சங்க மலர்கள் ஆகியவற்றிற் பெரும்பாலானவை பழைய பதிவேடுகளை நம்பியே நிற்கின்றன.

ஈண்டு ஒன்றை ஒப்புநோக்குதல் நலம். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்களின் வடிவம் மாறியது. எனினும் பழைய நூல்களை நாம் படிக்க முடியாமற் போனோமா? இல்லை. யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய 'லை'யைக் கண்டாலும் அது 'லை' என்றே அறிகின்றோம். உருவம் மாறினும் எழுத்து மாறவில்லை. கணினிக் கோப்பில் நேர்ந்திருப்பதோ வேறு. அங்கே எழுத்தின் அடையாளமே தொலைந்துவிட்டது. உருவத்தைக் காட்டும் எழுத்துருவும் மறைந்தால் எஞ்சுவது வெறும் எண்கள். ஆகவே நாம் சேமிக்க வேண்டியது உருவத்தை அன்று, எழுத்தை என்பது தெளிவு.

நிற்க. அம்மையாரின் கோப்புக்கு வருவோம். சொற்செயலியில் தமிழ் மறைந்தாலும், அதற்கு வழங்கிய எழுத்துருவின் பெயர் பெரும்பாலும் கோப்பினுள்ளேயே தங்கியிருக்கும். சுட்டியைப் பத்தியின்மேல் வைத்தால், மேலேயுள்ள எழுத்துருப் பெட்டியில் அப்பெயர் தோன்றும். இங்கும் தோன்றியது. அவ்வெழுத்துருவைத் தேடிப் பெற்றுக் கணினியில் நிறுவினேன். மறுகணம் பக்கம் முழுதும் தமிழாயிற்று. முதல் வரியில், 'என் பெயரன் பெயர்த்தியருக்கு' என்றிருந்தது. அம்மையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கலானார்.

இம்மட்டில் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. அதே கோப்பைப் பெயரனின் கைப்பேசிக்கு அனுப்பினால் மீண்டும் பூனை நடை தோன்றும். ஆகவே வீட்டு எண்களையே ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். இதற்கென 'மாற்றி' என்னும் கருவிகள் உள்ளன. சுரதாவின் 'பொங்குதமிழ்', 'என்.எச்.எம். கன்வர்ட்டர்' போன்றவை பலரும் கையாண்டவை. பழைய முறையில் 'கெ' என்பதற்குக் கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் அடித்தோம். ஒருங்குறியில் ககரம் முன், கொம்பு பின். 'கொ' என்பதில் இருபுறமும் நிற்கும் குறிகளை ஒன்றாக்க வேண்டும். இவ்வரிசை மாற்றத்தையும் மாற்றியே செய்துவிடுகின்றது.

ஆயினும் மாற்றி அறிவுடைப் பொருளன்று, சொன்னதைச் செய்வது. அம்மையாரின் கணவர் இடையிடையே தம் அலுவலகத்தின் பெயரையும் மேலதிகாரிகளின் பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மாற்றி அவற்றையும் பழைய தமிழ் என்றெண்ணி மாற்றிவிட்டது. மேலதிகாரி ஒருவரின் பெயர் வாயில் நுழையாத தமிழாக நின்றது. தலைப்புக்களின் தடிப்பும் சாய்வும் மறைந்தன. இன்னொரு வகைப் பிழையும் வெளிப்பட்டது. கண்ணுக்கு ஒன்றுபோல் இருப்பதால், காலுக்குப் பதில் 'ர' என்ற எழுத்தையும், 'ஔ' என்பதற்கு 'ஒ', 'ள' என்ற இரண்டையும் அவர் சில இடங்களில் அடித்திருந்தார். தாளில் இது தெரிவதில்லை. கணினியில் சொல்லைத் தேடும்போது கிடைக்காமற் போகும்.

இவற்றையெல்லாம் ஒப்புநோக்கித் திருத்த மூன்று மாலைகள் ஆயின. நான்காம் மாலை வந்தது வமிசாவளி.

அவர் கடைசி இரண்டு பக்கங்களில் தம் குலமுறையைக் கிளை கிளையாக வரைந்திருந்தார். கட்டங்களோ கோடுகளோ இல்லை. ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய தந்தையின் பெயருக்கு நேர் கீழே நிறுத்த, இடைவெளிக் கட்டையைப் பன்முறை தட்டியிருந்தார். பழைய எழுத்துருவின் அகலத்துக்கு அது சரியாக நின்றது. புதிய எழுத்துருவின் எழுத்துக்கள் அகலத்தில் வேறுபட்டவை. ஆகவே பெயர்கள் யாவும் இடம் பெயர்ந்துவிட்டன. அண்ணன் மக்கள் தம்பியின் கீழ் நின்றனர். ஒரு கிளை வரி மடங்கி அடுத்த தலைமுறைக்குள் புகுந்தது.

பழைய எழுத்துருவில் ஒருமுறை பார்த்து அமைத்துவிடலாம் என்று எண்ணினேன். அதிலும் ஒரு பெயர் இரண்டு தந்தையர்க்கு நடுவில் நின்றது. 2001ஆம் ஆண்டுக்கும் இன்றைக்கும் இடையில் சொற்செயலியின் பதிப்பும் மாறிவிட்டதன்றோ! அது ஒரு பெண்பெயர். பெயரன் அதனைக் கேட்டதேயில்லை. பெங்களூரிலிருந்து தொலைபேசியில் பேசிய அவன் தந்தையும், "யாரோ சிற்றப்பா வீட்டுப் பெண்ணாயிருக்கும்" என்றார். அம்மையார் திரையின் அருகே வந்து பார்த்தார்.

"இது என் மூத்த பெண், ஐயா. இவன் பிறப்பதற்கு முன்னே, ஒன்றரை வயதில் போய்விட்டாள். இவனிடம் நாங்கள் சொன்னதில்லை. இங்கே, எங்கள் பெயருக்குக் கீழே வர வேண்டும்" என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

அவ்விடத்திலேயே அப்பெயரைச் சேர்த்தேன். இம்முறை கட்டம் அமைத்து, அதனுள்.

அன்பர்களே, எழுத்தை மாற்ற மாற்றி உண்டு. அந்தப் பெயர் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்ல எந்த மாற்றியும் இல்லை. அதனை அறிந்தவர் ஒருவரே இருந்தார். அவருக்கு வயது எண்பத்திரண்டு.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. எங்கள் பிளாக்கில் வாழும் வங்காள நண்பரிடம் இதனைக் கூறினேன். அவர் தந்தையார் எழுதிய நாடகம் ஒன்றும் இவ்வாறே சிதைந்து, ஓராண்டு உழைத்து மீட்டதாகச் சொன்னார். வங்காள எழுத்திலும் ஏகாரக் குறி எழுத்துக்கு முன்னேயும், ஓகாரக் குறி இருபுறத்தும் நிற்கும். அவர்களுக்கும் 1988இல் வெளிவந்த 'பிஜய்' முதலிய பழைய முறைகள் உண்டு. 2003இல் வங்கதேசத்து மெஹ்தி ஹசன் கான் ஆக்கிய 'அப்ரோ' விசைப்பலகையால் ஒருங்குறி எளிதாயிற்று. மொழி வேறாயினும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

இனி, இல்லங்களில் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவதாக, பழைய கோப்பை எக்காரணத்தாலும் அழித்துவிடாதீர்கள். பிரதியெடுத்து, அப்பிரதியிலேயே மாற்றம் செய்க. எழுத்துருவின் பெயரை ஒரு தாளில் குறித்து வைக்க. பழைய கணினி இன்னும் இயங்குமாயின், அவ்வெழுத்துருவையும் பிரதியெடுத்துக்கொள்க.

இரண்டாவதாக, சொற்செயலியின் பதிப்பு மாற்றத்தை அறிந்திருங்கள். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் வோர்டு 'டாக்' என்னும் பழைய கோப்பு வகையை விடுத்து 'டாக்ஸ்' என்னும் புதிய வகையைத் தன் வழக்காகக் கொண்டது. புதிய பதிப்பு பழைய கோப்பையும் திறக்கும். ஆனால் வரியும் பக்கமும் முன்போலவே மடங்கும் என்பதற்கு உறுதியில்லை. அம்மையாரின் எண்பது பக்கம் தொண்ணூற்றிரண்டாயிற்று. பொருளடக்கத்தில் அவர் கணவர் கையால் அடித்திருந்த பக்க எண்கள் யாவும் பொய்த்தன. எனவே புதிதாக எழுதுவோர் இடைவெளிக் கட்டையால் பெயர்களை நிறுத்தாமல் அட்டவணையால் நிறுத்துக. புதுப் பக்கம் தொடங்க, நுழைவு விசையைப் பன்முறை தட்டாமல் பக்க முறிவைக் கையாள்க. தலைப்புக்களைச் சொற்செயலி தரும் தலைப்புப் பாணியில் அமைத்தால், பொருளடக்கத்தை அதுவே தொகுத்துப் பக்க எண்களையும் திருத்திக்கொள்ளும்.

மூன்றாவதாக, 'பி.டி.எஃப்.' கோப்பை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். எழுத்துருவும் அதனுள் பொதிந்திருந்தால் அது பக்கத்தின் தோற்றத்தை அப்படியே காக்கும். அச்சிடவும் படிக்கவும் சிறந்தது. ஆனால் பழைய எழுத்துருவில் ஆக்கிய பி.டி.எஃப்.இலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் பூனை நடையே மிஞ்சும். ஆகவே மூலக்கோப்பு, ஒருங்குறிக் கோப்பு, பி.டி.எஃப். என மூன்றையும் ஒருங்கே வைத்திருத்தல் நன்று. ஒருங்குறி எழுத்துருக்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விலையின்றி வழங்குகின்றது.

நான்காவதாக, மாற்றிய கோப்பை ஒருவர் உரக்கப் படிக்க, விவரம் அறிந்த பெரியவர் ஒருவர் கேட்டுத் திருத்த வேண்டும். இதுவே யாவற்றினும் தலையாயது.

ஏட்டுச் சுவடிக் காலத்திலும் நிலை இதுவே. அக்காலத்து ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் நெடிற் கொம்புகளுக்கு வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், பல பிரதிகளை ஒப்புநோக்கியும், விவரம் அறிந்தோரை நாடிக் கேட்டுமே பாடத்தைத் துணிந்தார். ஏடு அழியுமுன் படியெடுத்த சிலரால் நூல்கள் பிழைத்தன. கணினியில் தமிழ் வளர்த்தோரும் இவ்வுண்மையை உணர்ந்தவர்களே. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், முன்னர் டிஸ்கியில் அளித்த நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் அளிக்கலாயிற்று. படியெடுத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று; தலைமுறைதோறும் செய்ய வேண்டியது.

ஊரைவிட்டு வந்த நமக்கு, ஊரில் உள்ளோரைப் போலக் கேட்டறியச் சுற்றத்தார் தெருவெங்கும் இல்லை. நம் இல்லத்து வரலாறு ஒரு பழைய கோப்பிலும், ஒரு முதியவர் நினைவிலுமாக நிற்கின்றது. இரண்டும் ஒருசேர இருக்கும்போதே இப்பணியை முடித்தல் வேண்டும். பூசை விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது, அலமாரியில் உள்ள குறுந்தகடுகளை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். அருகில் தாத்தா பாட்டியையும் அமர்த்துங்கள். மாற்றியைக் கையாளத் தெரியாதோர் நம் சங்கத்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்புடன் வரலாம். என்னால் இயன்ற உதவியைச் செய்வேன்.

அம்மையாரின் இல்லத்தில் இப்பொழுது புதிய அச்சுப் பிரதி இரண்டு உள்ளன. ஒன்று அவரிடம்; ஒன்று பெங்களூரில். பெயரன் அண்மையில் பேசும்போது, "அத்தையின் பெயரை என் மகளுக்கு வைக்கலாமா என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறேன்" என்றான்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.